சத்துவாச்சாரி வீட்டுக்கு 3 கிலோவாட் சோலார்: பேட்டரி எவ்வளவு, எங்கே வைக்கறது?

மாடிவீடு_வேலூர்

தரைத்தளம், மேல ஒரு மாடி. ரெண்டு மாச பில் சராசரி 620 யூனிட். கையில ரெண்டு கொட்டேஷன் இருக்கு. ஒண்ணு 3 கிலோவாட் ஆன்-கிரிட், அதாவது ஈபி லைனோட சேர்ந்தது, பேட்டரி கிடையாது. இன்னொண்ணு 5 கிலோவாட் ஆஃப்-கிரிட், 10 யூனிட் கரண்ட் பிடிக்கற லித்தியம் பேட்டரியோட, "ஈபியே வேணாம் சார்"னு சொல்றார். கரண்ட் போனா ஓட வேண்டியது ஃபேன் 4, லைட், ஃப்ரிட்ஜ், வைஃபை. ஏசி, மோட்டார் வேணாம். மெயின்டனன்ஸ் அன்னைக்கு காலை 9 மணிக்குப் போனா சாயங்காலம்தான் வருது. கோடை மழை காத்தோட வந்தா ராத்திரி ரெண்டு மூணு மணி நேரம் போகும். இன்வெர்ட்டரும், பேட்டரி இருந்தா அதுவும் மொட்டைமாடி படிக்கட்டு ரூம்ல வைக்கலாம்னு ரெண்டு பேருமே சொல்றாங்க. எதைப் பிடிக்கறது?

டிசி_கேபிள்

ரெண்டும் வேணாம். மூணாவதா ஒண்ணு கேளுங்க: 3 கிலோவாட் ஹைபிரிட் இன்வெர்ட்டர் (ஈபியோடயும் பேட்டரியோடயும் ஓடறது), 5 யூனிட் பேட்டரி, ஈபி நெட் மீட்டர்.

620 யூனிட்னா நாளுக்கு பத்தேகால். நம்ம பக்கம் 1 கிலோவாட் பேனல் வருஷ சராசரியா நாளுக்கு 4 யூனிட் கொடுக்கும். 3 கிலோவாட்டுக்கு 12. பில்லுக்கு அது போதும். ஆனா ஐப்பசி, கார்த்திகையில வானம் மூடிக்கிட்டா 1 கிலோவாட்டுக்கு ஒரு யூனிட் வர்றதே கஷ்டம்ங்கற நாளும் உண்டு. அந்த மாதிரி நாலு நாள் சேர்ந்து வந்தா என்ன பண்றதுன்னு அந்த ஆஃப்-கிரிட்காரரைக் கேளுங்க. 10 யூனிட் பேட்டரி உங்க வீட்டுக்கு ஒரே நாள்தான். நெட் மீட்டர்ல பகல்ல வெளியே போன யூனிட் ராத்திரி செலவுல கழியும், மிச்சம் அடுத்த பில்லுக்குப் போகும். ஒரு யூனிட் கொடுத்தா ஒரு யூனிட் திரும்பும். அதே யூனிட்டை பேட்டரியில போட்டு இன்வெர்ட்டர் வழியா எடுத்தா லித்தியத்துல 85 சதவீதம் வரும், லெட் ஆசிட்ல 70 சொச்சம். நெட் மீட்டர் இருக்கற வீட்டுல தினமும் பேட்டரியை ஏத்தி இறக்கறது வீண் செலவு. கரண்ட் போற நேரத்துக்கு மட்டும் அளந்து வாங்குங்க.

வெறும் ஆன்-கிரிட்ல வேற சிக்கல். ஈபி போன உடனே இன்வெர்ட்டரும் நின்னுடும், வெயில் எவ்வளவு கொளுத்தினாலும் சரி. கம்பத்துல ஏறி வேலை செய்யற லைன்மேனுக்கு உங்க வீட்டு கரண்ட் திரும்பிப் போய் அடிக்கக் கூடாதுன்னுதான் அந்த ஏற்பாடு. மெயின்டனன்ஸ் அன்னைக்கு மாடியில ஆறு பேனல் இருக்கும், கீழே ஒரு ஃபேன் சுத்தாது. இதை கொட்டேஷன் கொடுக்கறவங்க யாரும் வாயைத் திறந்து சொல்றதில்லை.

2024ல வந்த பி.எம். சூர்ய கர் திட்டத்துல முதல் 2 கிலோவாட்டுக்கு, கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், மூணாவதுக்கு 18,000. ஆக 78,000. 5 கிலோவாட் போட்டாலும் அதே 78,000தான். ஈபி லைன்ல சேராத ஆஃப்-கிரிட்டுக்கு ஒண்ணும் இல்லை, பேட்டரிக்கும் இல்லை. பேனல் டிசிஆரா இருக்கணும், அதாவது உள்ளே இருக்கற செல்லும் இந்தியாவுல செஞ்சதா இருக்கணும். கொட்டேஷன்ல அந்த வார்த்தை இருக்கான்னு பார்த்துட்டு அட்வான்ஸ் கொடுங்க.

மாடிவீடு_வேலூர்

5 யூனிட் போதுமா? ராத்திரி முழுக்க கரண்ட் இல்லைன்னா?

டிசி_கேபிள்

சாதா ஃபேன் 75 வாட், பிஎல்டிசி (கம்மி கரண்ட் தின்ற புது மோட்டார் ஃபேன்) 30 வாட். நாலு சாதா ஃபேன் 8 மணி நேரம் ஓடினா 2.4 யூனிட், பிஎல்டிசி ஆனா 1 யூனிட் கூட வராது. ஃப்ரிட்ஜ் ஒரு ராத்திரிக்கு அரை யூனிட். லைட், வைஃபைக்கு கால் யூனிட் வெச்சுக்கோங்க. இன்வெர்ட்டர் சும்மா நிக்கறதுக்கே 50 வாட் தின்னும், அது 8 மணி நேரத்துக்கு 0.4 யூனிட். இதை நிறைய பேர் கணக்குல சேர்க்கறதில்லை. எல்லாம் சேர்த்தா பிஎல்டிசியோட 2.1, சாதா ஃபேனோட 3.6. 51.2 வோல்ட் 100 ஆம்ப்-ஹவர் லித்தியம் பேட்டரி 5.12 யூனிட், அதுல 4.3 தாராளமா எடுக்கலாம். மெயின்டனன்ஸ் நாள்ல பகல் முழுக்க பேனலே ஓட்டிடும், பேட்டரி மேகம் போற நேரத்துக்கு மட்டும்தான். ரெண்டாவது பேட்டரி வாங்கற காசுல நாலு பிஎல்டிசி ஃபேன் வாங்கினா மிச்சமே நிறைய வரும்.

டியூபுலர்_சித்தப்பா

எல்லாரும் லித்தியம் லித்தியம்னு ஏன் ஓடறீங்கன்னு தெரியலை. தினமும் ஏத்தி இறக்கப் போறதில்லைன்னு நீங்களே சொல்றீங்க. மாசத்துல நாலு தடவை கரண்ட் போற வீட்டுக்கு நாலு 150 ஆம்ப்-ஹவர் டியூபுலர் (லெட் ஆசிட் பேட்டரிதான்) போதும். 7.2 யூனிட், பாதி எடுத்தா 3.6. விலை குறைவு, ஒண்ணு போனா வேலூர் மக்கான்ல எந்த பேட்டரிக் கடையிலயும் பார்ப்பான், பழசுக்கு ஈய விலையும் கிடைக்கும். லித்தியத்துல பிஎம்எஸ் போர்டு (உள்ளே செல்லைக் காவல் காக்கற சர்க்யூட்) போச்சுன்னா பெட்டியை கம்பெனிக்கு அனுப்பிட்டு மாசக்கணக்குல உக்காரணும்.

வெயிலூர்

சித்தப்பா சொல்றதுல நியாயம் இருக்கு, பேட்டரி 25 டிகிரியில இருந்தா. இது வேலூர். அக்னி நட்சத்திரத்துல வெளியே 41, 42 டிகிரி. வெயில் வாங்கின தளத்துக்குக் கீழே இருக்கற படிக்கட்டு ரூம்ல 45க்கு மேல. லெட் ஆசிட்டுக்கு 25க்கு மேல ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுசு பாதியா குறையும்னு பொதுக் கணக்கு. 45ல வெச்சா கால்வாசிதான் மிச்சம்.

டியூபுலர்தான்னு முடிவானா சார்ஜ் வோல்டேஜை வெப்பத்துக்கு ஏத்த மாதிரி குறைக்கணும். செல்லுக்கு, டிகிரிக்கு 4 மில்லிவோல்ட். நாலு பேட்டரி சேர்ந்த 48 வோல்ட் பேங்க்ல 24 செல். 40 டிகிரியில 15 டிகிரி கூட, அப்போ 24 × 4 × 15 = 1.44 வோல்ட். 57.6ல நிக்க வேண்டிய பூஸ்ட் (சார்ஜ் உச்ச வோல்டேஜ்) 56.2ல நிக்கணும். பேட்டரி உடம்புல ஒட்டற சென்சர் வயர் பெரும்பாலும் அட்டைப்பெட்டியிலேயே கிடக்கும், யாரும் மாட்டறதில்லை. அது இல்லாம ஓட்டினா மே மாசம் தண்ணி கொதிக்கிற மாதிரி குறையும், பிளேட் வெளியே தெரியும், காத்து பட்ட இடம் சல்ஃபேட் ஆகி செத்துடும். ஊத்தறது டிஸ்டில்ட் வாட்டர்தான். நம்ம போர் தண்ணி ஒரு தடவை ஊத்தினாலும் பேட்டரி கெட்டது கெட்டதுதான். முழு சார்ஜ்ல ஹைட்ரோமீட்டர் (ஆசிட் அடர்த்தி அளக்கறது) 1.240 காட்டணும், ஒரு செல் மட்டும் 1.180ல நின்னா அந்தப் பேட்டரி மத்த மூணையும் இழுத்துக்கிட்டுப் போகும்.

இன்னொண்ணு, சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வரும். காத்துல 4 சதவீதம் சேர்ந்தா பத்திக்கும். சாமி ரூம் பக்கத்துல, விளக்கேத்தற இடத்துல வைக்கவே கூடாது.

டியூபுலர்_சித்தப்பா

சென்சர் விஷயம் சரிதான். ஆனா லித்தியத்துக்கு வெயில் ஒத்துக்குமா?

வெயிலூர்

ஒத்துக்காது. அதனாலதான் சொல்றேன், எது வாங்கினாலும் படிக்கட்டு ரூம் வேணாம். தரைத்தளத்துல வடக்குச் சுவர், சுத்தி ஒரு சாண் இடைவெளி, தரையிலேர்ந்து அரை அடி உயர ஸ்டாண்ட். இன்வெர்ட்டரும் அங்கேயேதான். ரொம்ப சூடானா அதுவே தன் பவரைக் குறைச்சுக்கும், மத்தியானம் நல்லா வர்ற நேரத்துலதான் அது நடக்கும்.

மாடிவீடு_வேலூர்

கீழே கொண்டு வந்தா கேபிள் நீளமாகும், லாஸ் ஆகும்னு இன்ஸ்டாலர் சொல்றார். மாடியிலேர்ந்து 30 மீட்டர் வரும்.

டிசி_கேபிள்

லாஸ் எவ்வளவுன்னு அவர்கிட்ட நம்பர் கேளுங்க. இல்லைன்னா இதைக் காட்டுங்க.

540 வாட் பேனல் ஆறு, ஒரே வரிசையா. ஒவ்வொண்ணும் வேலை செய்யற வோல்டேஜ் சுமாரா 41.7, கரண்ட் 13 ஆம்ப். இது 25 டிகிரி கணக்கு. வெயில்ல செல் 65 டிகிரிக்குப் போகும், டிகிரிக்கு 0.35 சதவீதம் விழும், அதனால 250 வோல்ட் 215 ஆகும். 4 சதுர மி.மீ. செப்பு கேபிள் கிலோமீட்டருக்கு 5 ஓம். போக வர 60 மீட்டர், 0.3 ஓம். 13 ஆம்ப்ல 3.9 வோல்ட், 1.8 சதவீதம். 6 சதுர மி.மீ. போட்டா 1.2. இதுக்காக பேட்டரியை வெயில்ல வேக வைக்கணுமா?

நீளமா இருக்கக் கூடாதது பேட்டரிக்கும் இன்வெர்ட்டருக்கும் நடுவுல போற கேபிள்தான். 3 கிலோவாட்டை 48 வோல்ட்ல இழுத்தா, இன்வெர்ட்டர் லாஸும் சேர்த்து 68 ஆம்ப். 25 சதுர மி.மீ. செப்பு, ஒண்ணரை மீட்டருக்குள்ள, பாசிட்டிவ்ல 125 ஆம்ப் டிசி ஃப்யூஸ் பேட்டரியை ஒட்டியே. வீட்டு டிபியில (கரண்ட் பிரியற சுவிட்ச் பெட்டி) இருக்கற ஏசி எம்சிபியை (லோடு கூடினா தானா விழற சுவிட்ச்) இங்கே மாட்டாதீங்க. லித்தியம் ஷார்ட் ஆனா ஆயிரக்கணக்கான ஆம்ப் வரும், டிசியில ஆர்க் தானா அணையாது, உள்ளேயே உருகி ஒட்டிக்கும். கேபிள் முனையில மாட்டற லக் ஹைட்ராலிக் கிரிம்ப்ல அழுத்தினதா இருக்கணும். சுத்தியால தட்டி நசுக்கினது மூணு மாசத்துல சூடேறும்.

பேனலை மூணு மூணா ரெண்டு வரிசை போடறேன்னு சொன்னா, இன்வெர்ட்டரோட எம்பிபிடி (பேனல்லேர்ந்து முழு பவரை இழுக்கற பகுதி) எத்தனை வோல்ட்ல ஆரம்பிக்குதுன்னு பாருங்க. நிறைய மாடல்ல 120. மூணு பேனல் 25 டிகிரியில 125 காட்டும், குளிர்ந்த காலையில டெஸ்ட் பண்ணா ஓடும். சித்திரை மத்தியானம் 107க்கு இறங்கும், நல்ல வெயில்ல ஜெனரேஷன் விழும். அப்புறம் பேனல் மோசம்னு சண்டை நடக்கும்.

பாறைக்கோட்டை

எர்த்திங் பத்தி யாரும் பேசலையே. நம்ம ஊர் மலையடிவார நிலம், ரெண்டு அடி தோண்டினா பாறை. இதுல ஒரு குழி போட்டுட்டு "2 ஓம் சார்"னு எழுதிக் கொடுத்தா நம்பாதீங்க. எர்த்துக்கு ஓம் குறையக் குறையத்தான் நல்லது.

மண்ணோட ரெசிஸ்டிவிட்டி (கரண்டைத் தடுக்கற தன்மை) 100 ஓம்-மீட்டர், அதாவது நல்ல ஈரமண்ணுன்னே வெச்சுக்குவோம். 17 மி.மீ. கம்பி 3 மீட்டர் இறக்கினா கணக்குப்படி 33 ஓம். முரம்பு மண்ணு, பாறைத்தூள்னா 500, அப்போ 160 ஓம் தாண்டும். குழியில உப்பும் கரியும் போட்டா சில மழைக்காலம் ஓடும், அப்புறம் உப்பு கரைஞ்சு கம்பியையும் அரிச்சுடும். பெண்டோனைட் (ஈரம் பிடிச்சு வைக்கற களிமண்) தேவலாம். குழியை ஆழப்படுத்த முடியலைன்னா எண்ணிக்கையைக் கூட்டுங்க. 3 மீட்டர் கம்பின்னா குழிக்குக் குழி 6 மீட்டர் தள்ளி, எல்லாத்தையும் ஸ்ட்ரிப்ல இணைச்சுடணும். ரெண்டு கம்பியைப் பக்கத்துல பக்கத்துல இறக்கினா ரெண்டும் ஒரே மண்ணைத்தான் பிடிச்சிருக்கும், பெரிசா குறையாது. எர்த் மெகர் (எர்த் ஓம் அளக்கற மீட்டர்) வெச்சு உங்க கண்ணு முன்னாடி அளக்கச் சொல்லுங்க, அதுவும் சித்திரை, வைகாசியில. அடைமழைக்கு அப்புறம் எந்தக் குழியும் நல்ல ரீடிங்தான் காட்டும்.

பேனல் ஃப்ரேம் எல்லாத்தையும் சேர்த்து எர்த் வயர் போகணும். பெயிண்ட் மேல, அனோடைஸ் பூச்சு மேல போல்ட் போட்டா தொடர்பு கிடைக்காது; பல் வெச்ச வாஷர் வேணும்.

ஆம்பூர்_மீட்டர்

தோல் தொழிற்சாலை பக்கம் வீடு இருக்கறவங்களுக்கு ஒரு வார்த்தை: சுண்ணாம்புக் குழிகள்லேர்ந்து வர்ற அழுகின முட்டை வாடை ஹைட்ரஜன் சல்ஃபைடு, செப்பைக் கறுப்பாக்கும். வெறும் செப்பு லக் போடாதீங்க, டின் பூசினது போடுங்க. இன்வெர்ட்டர் ஐபி65 பெட்டி, அதாவது தூசி, தண்ணி புகாதது. பேனல் வயரை இணைக்கற எம்சி4 கனெக்டர் ரெண்டு பக்கமும் ஒரே கம்பெனியா இருக்கணும். வேற வேற கம்பெனி மாட்டினா "கிளிக்"னு உக்காரும், உள்ளே பின் சரியாப் பிடிக்காது, அங்கேதான் கருகும்.

நிழல்பார்வை

மாடியில தண்ணி டேங்க் எங்கே இருக்கு?

மாடிவீடு_வேலூர்

வடகிழக்கு மூலையில. பேனல் தெற்கு பார்த்து வைக்கறதால அது பாதிக்காதுன்னு சொன்னாங்க.

நிழல்பார்வை

உச்சி வெயிலைப் பொறுத்தவரைக்கும் அது டெல்லிக்குச் சரி. வேலூர் 12.9 டிகிரி வடக்கு. ஏப்ரல் கடைசி வாரத்துலேர்ந்து ஆகஸ்ட் மூணாவது வாரம் வரைக்கும் உச்சி வெயில் நமக்கு வடக்கேதான் இருக்கும். ஆனி மாசம் சூரியன் வடகிழக்குல எழும்பும், அப்போ டேங்க் நிழல் தென்மேற்கா நீண்டு பேனல் மேல விழும். மார்கழியில வந்து பார்க்கறவருக்கு இது தெரியாது. காலை எட்டு மணி நிழல் டேங்க் உயரத்தைப் போல கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு இருக்கும். ஒரு பேனல்ல மூலையில விழுந்தாலும் அந்த வரிசைக்கே கரண்ட் குறையும். டேங்கை நகர்த்த முடியாட்டி வரிசையை மேற்கே தள்ளுங்க. சாய்வு 10லேர்ந்து 13 டிகிரிக்குள்ள போதும். 5 டிகிரிக்குக் கீழே வேணாம், அழுக்கு கீழ் ஓரத்துல படிஞ்சு நிக்கும்.

கழுவறதைப் பத்தியும் சொல்லிடறேன். போர் தண்ணியை அடிச்சுட்டு விட்டா காய்ஞ்சு வெள்ளைப் படலம் ஒட்டும், அதை எடுக்கறது தூசியை எடுக்கறதை விட கஷ்டம். ஆர்ஓ தண்ணி இருந்தா அது, இல்லைன்னா போர் தண்ணி ஊத்தி ரப்பர் வைப்பரால உடனே வழிச்சுடணும். காலை 7 மணிக்குள்ள. சூடான கண்ணாடியில ஜில்லுனு தண்ணி ஊத்தாதீங்க. குவாரி லாரி ஓடற ரோட்டோரம்னா பத்து நாளைக்கு ஒரு தடவை.

பழைய மெட்ராஸ் டெரஸ் வீடா இருந்தா தளத்துல டிரில் போட விடாதீங்க. கீழே கான்கிரீட் கிடையாது, மரக்கட்டை மேல அடுக்கின செங்கல். ஆர்சிசி தளமா இருந்தாலும் தட்டோடு உடைஞ்சா ஒழுகும். அது மேலேயே கான்கிரீட் கட்டை வெச்சு காலை அதுல பதிக்கலாம். கட்டை எடை காத்துக்குத் தாங்கற அளவா இருக்கணும். பேனல் ஒண்ணு 28 கிலோதான், ஆனா பரப்பு 2.6 சதுர மீட்டர். புயல் காத்துக்கு அது பாய் விரிச்ச மாதிரி.

அணைக்கட்டு_கழனி

நடுவுல பூந்து கேக்கறதுக்கு மன்னிக்கணும். எங்க கழனியில மோட்டாருக்கு ஈபி இலவசம், ஆனா பகல்ல கொஞ்ச நேரம்தான் த்ரீ ஃபேஸ் கீது. சோலார் பம்ப் போட்டு, மிச்ச வெயிலுக்கு 20,000 லிட்டர் தொட்டியில தண்ணி ஏத்தி, ராத்திரி அதைத் தொறந்து சின்ன டர்பைன் ஓட்டி லைட் எரிக்கலாம்னு ஒருத்தர் சொல்றார். பேட்டரியே வேணாமாம். ஆவுமா?

டிசி_கேபிள்

தொட்டி எவ்வளவு உயரத்துல?

அணைக்கட்டு_கழனி

5 மீட்டர்.

டிசி_கேபிள்

20,000 கிலோ × 9.81 × 5 = 9.8 லட்சம் ஜூல். ஒரு யூனிட்டுக்கு 36 லட்சம் ஜூல், அதால வகுத்தா 0.27 யூனிட். டர்பைன், ஜெனரேட்டர் லாஸ் போக 0.13 வந்தா அதிர்ஷ்டம். ஒரு 9 வாட் பல்பு 14 மணி நேரம் எரியும். ஒரே ஒரு டியூபுலர் பேட்டரி 1.8 யூனிட். ஆனமலைப் பக்கம் காடம்பாறையில இதே வேலையை 400 மெகாவாட்டுக்குச் செய்யறாங்க, ஆனா அங்கே மேல் அணைக்கும் கீழ் அணைக்கும் நடுவுல உயரம் பல நூறு மீட்டர். தண்ணியும் ஒரு அணைக்கட்டு அளவு. உயரம் இல்லாத இடத்துல அந்தக் கணக்கு நிக்காது.

தொட்டி யோசனையில பாதி நல்லது. தண்ணியைத் தொட்டியில சேர்த்து வெச்சு பயிருக்கே விடுங்க, அப்போ பம்புக்கு பேட்டரி வேணாம். 200 மீட்டர் ஆழத்துலேர்ந்து 1,000 லிட்டர் ஏத்த 0.55 யூனிட். பம்ப், மோட்டார் சேர்ந்து பாதி வீணாகும், அதனால 1.1. 5 எச்பி சோலார் பம்புக்கு 4.8 கிலோவாட் பேனல், நல்ல நாள்ல 20 யூனிட் வெச்சா 18,000 லிட்டர். உங்க 20,000 லிட்டர் தொட்டிக்குச் சரியா இருக்கு. ஆனா வாங்கறதுக்கு முன்னாடி போர்ல ஓடும்போது தண்ணி எந்த ஆழத்துக்கு இறங்குதுன்னு அளந்துடுங்க, சும்மா நிக்கற மட்டம் கணக்கில்லை. 300 மீட்டருக்கு இறங்கற போர்ல அதே பம்ப் 12,000 லிட்டர்தான் தரும், காலையிலயும் சாயங்காலமும் தண்ணி மேலேயே வராது.

காத்தாடி_ராணிப்பேட்டை

மாடியில சின்ன காத்தாலை ஒண்ணு சேர்த்தா மழைக்காலத்துக்கு ஆகாதா?

வெயிலூர்

இறக்கை சுத்தற வட்டம் ஒண்ணரை மீட்டர் விட்டம், காத்து நொடிக்கு 3 மீட்டர்: 8, 9 வாட். காத்து வேகம் பாதியானா பவர் எட்டுல ஒரு பங்கு. ஆரல்வாய்மொழி கணவாய்க் காத்து இங்கே கிடையாது. அந்தக் காசுக்கு இன்னொரு பேனல் போடுங்க.

மாடிவீடு_வேலூர்

சரி, ஹைபிரிட், லித்தியம், தரைத்தளம்னு எழுதி வாங்கிட்டேன். கடைசித் தவணை கொடுக்கறதுக்கு முன்னாடி என்னென்ன பார்க்கணும்?

டிசி_கேபிள்

இன்வெர்ட்டர் செட்டிங்ல பேட்டரி வகை முதல்ல. லெட் ஆசிட்னு விட்டிருந்தா ஈக்வலைஸ் (அப்பப்போ கொடுக்கற அதிக வோல்டேஜ் சார்ஜ்) 60 வோல்ட் வரைக்கும் போகும். 16 செல் லித்தியத்துக்கு உச்சமே 58.4, பிஎம்எஸ் கட் பண்ணும், இன்வெர்ட்டர் அலறும். 56 வோல்ட்ல சார்ஜ் முடியட்டும், 48ல நிக்கட்டும், ஈக்வலைஸ் ஆஃப். பிஎம்எஸ்-இன்வெர்ட்டர் கம்யூனிகேஷன் கேபிள் மாட்டியிருக்கான்னும் பாருங்க. எப்பவும் 50 சதவீதத்துலயே கிடந்தா பிஎம்எஸ்க்கு கணக்கு தப்பும், 40 காட்டிக்கிட்டே திடீர்னு அணையும். மாசத்துல ஒரு தடவையாவது முழுசா ஏறணும்.

வெயில் நேரத்துல டிசி ஐசொலேட்டரை (பேனல் லைனைத் துண்டிக்கற சுவிட்ச்) ஆஃப்ல வெச்சு பேனல் வோல்டேஜ் அளக்கச் சொல்லுங்க. பேனலுக்கு 49.5 வோல்ட், ஆறுக்கு 297. சூட்டுல 265க்கு மேல இருந்தா சரி. 220 காட்டினா ஒரு பேனல் வரிசையில சேரவே இல்லை.

பாறைக்கோட்டை

முக்கியமானது நியூட்ரல். ஃபேன், லைட் சர்க்யூட்டை பேக்கப் டிபிக்கு (ஈபி போனாலும் இன்வெர்ட்டர்ல ஓடற டிபி) மாத்தும்போது ஃபேஸை மட்டும் மாத்திட்டு நியூட்ரலை பழைய டிபியிலேயே விட்டுடுவாங்க. ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா தானா விழற சுவிட்ச்) காரணமில்லாம விழும். அதைத் தாங்க முடியாம ஆர்சிசிபியையே பைபாஸ் பண்ணிட்டுப் போயிடுவாங்க. டெஸ்ட் சுலபம்: மெயினை இறக்குங்க, பேக்கப் ஓடட்டும். ஒவ்வொரு ஃபேனா, லைட்டா போட்டுப் பாருங்க, ஃப்ரிட்ஜையும் சேர்த்து. எது ஓடாம நிக்குதோ, இல்லை எதைப் போட்டா ஆர்சிசிபி விழுதோ அந்த சர்க்யூட்டோட நியூட்ரல் இன்னும் பழைய டிபியிலதான் இருக்கு.

மாடிவீடு_வேலூர்

இப்போதைய டிபியில ஆர்சிசிபியே கிடையாது. 32 ஆம்ப் ஐசொலேட்டர்தான்.

பாறைக்கோட்டை

அப்போ பேக்கப் டிபியில 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி ஒண்ணு கொட்டேஷன்லயே சேர்க்கச் சொல்லுங்க. அதோட, பேக்கப்ல ஓடும்போது இன்வெர்ட்டர் தன் நியூட்ரலை எர்த்தோட தானா இணைக்குதான்னு மேனுவல்ல பாருங்க. அது இல்லாத மாடல்ல ஷாக் அடிச்சாலும் ஆர்சிசிபி விழாது. ஈபி ஆஃப்ல இருக்கும்போது நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் மல்டிமீட்டர் வெச்சா ஒண்ணு ரெண்டு வோல்ட்தான் காட்டணும். 100, 110 காட்டினா இணையலைன்னு அர்த்தம், தவணையைக் கையிலேயே வெச்சுக்கோங்க.